முதுகில் போடும் ஊசியும் பிரசவ கால மாத்திரைகளும்: நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

"எனக்கு முதுகு வலி போகவே மாட்டேங்குது. மூத்தவனுக்கு ஆபரேஷன் பண்ணப்போ முதுகுல ஒரு ஊசி போட்டாங்கல்ல, அதுல இருந்துதான்."

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து நம் வீடுகளில் இந்தப் பேச்சு காதில் விழாத நாள் குறைவு. கல்யாண வீட்டில், மௌத்து வீட்டில், குழந்தை பார்க்கப் போன இடத்தில் என்று நான்கு பெண்கள் சேர்ந்தால் அந்த ஊசி பேச்சில் வந்துவிடும். கேட்டுக்கொண்டிருக்கும் இளம்பெண் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருப்பாள். அந்தப் பயம் அவள் மனதில் தங்கிவிடும். பிரசவ அறையில், "முதுகுல வேணாம், முழுசா மயக்கம் குடுத்திடுங்க" என்று அவள் அழும்போதுதான் அந்தப் பேச்சின் விளைவு நமக்குத் தெரிகிறது.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அவற்றில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் இது 60 சதவீதத்தையும் தாண்டுகிறது. சிசேரியன் வேண்டுமா, வேண்டாமா என்பது தனி விவாதம். ஆனால் இரண்டில் ஒரு பெண்ணுக்கு நேரக்கூடிய ஒன்றைப் பற்றி நம் வீடுகளில் வதந்திதான் உலவுகிறது, விவரம் இல்லை. அந்த விவரத்தை எளிமையாகச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதுகில் போடும் ஊசி என்ன செய்கிறது?

சிசேரியனுக்குப் பெரும்பாலும் கொடுக்கப்படுவது ஸ்பைனல் மயக்க மருந்து. பெயரில் 'மயக்கம்' இருந்தாலும் தாய் மயங்குவதில்லை. இடுப்புக்குக் கீழே மரத்துப்போகிறது, அவ்வளவுதான். அவள் விழித்திருப்பாள், பேசுவாள், குழந்தையின் முதல் அழுகையையும் கேட்பாள்.

பலரும் பயப்படுவதுபோல ஊசி தண்டுவடத்தில் குத்தப்படுவதில்லை. வளர்ந்தவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடும். அதற்கும் கீழே, எலும்புகளின் இடைவெளியில், நரம்புகளைச் சுற்றியுள்ள திரவத்தில் மிக மெல்லிய ஊசியால் சுமார் 2 மில்லி மருந்து செலுத்தப்படுகிறது. சில நிமிடங்களில் கால்கள் கனக்கும். ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு உணர்வு மெல்லத் திரும்பும்.

அப்படியானால் முதுகு வலி எங்கிருந்து வருகிறது? கர்ப்ப காலத்திலேயே பாதிப் பெண்களுக்கு முதுகு வலி வருகிறது. வயிற்றின் பாரம், தளர்ந்த மூட்டு நார்கள், பிறகு குனிந்தபடியே பாலூட்டுவது, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வீட்டு வேலை செய்வது என்று காரணங்கள் பல. சுகப்பிரசவம் ஆன பெண்களுக்கும் இதே வலி வருகிறது. ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், நீண்ட நாள் முதுகு வலியில் வித்தியாசம் தெரியவில்லை. ஊசி குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கலாம், அது போய்விடும்.

உண்மையிலேயே கவனிக்க வேண்டிய பக்க விளைவுகள் வேறு. ஊசி போட்டவுடன் பி.பி. சட்டென்று இறங்கி, குமட்டலும் படபடப்பும் வரலாம். அதற்காகத்தான் சலைன் ஏற்றுகிறார்கள், உடலைச் சற்று இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைக்கிறார்கள், பி.பி.யைத் தூக்க மருந்தும் தயாராக வைத்திருக்கிறார்கள். "ஒரு மாதிரியா இருக்கு" என்று உடனே வாய்விட்டுச் சொன்னால் போதும். இன்னொன்று, ஓரிரு நாளில் சிலருக்கு வரும் தலைவலி. எழுந்து உட்கார்ந்தால் கடுமையாகும், படுத்தால் குறையும். இதற்குச் சிகிச்சை இருக்கிறது. வீட்டுக்குப் போன பிறகு வந்தாலும் அதே மருத்துவமனைக்குத் திரும்பிப் போக வேண்டும். தைலம் தேய்த்துப் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. பிரசவத்துக்குப் பின் கடுமையான தலைவலி வர உயர் ரத்த அழுத்தமும் காரணமாக இருக்கலாம்.

முழு மயக்கம் ஏன் முதல் தேர்வு இல்லை?

நிறைமாதத்தில் கருப்பை வயிற்றை மேல்நோக்கி நெருக்குகிறது. உணவுப் பாதையின் வாய் தளர்ந்திருக்கும். பிரசவ வலியில் செரிமானமும் மந்தமாகிவிடும். இந்த நிலையில் முழு மயக்கம் கொடுத்தால், இரைப்பையில் உள்ள உணவும் அமிலமும் மேலேறி நுரையீரலுக்குள் போகும் அபாயம் உண்டு. அமெரிக்க மருத்துவர் கர்டிஸ் மெண்டெல்சன் 1946-இல் இதை விரிவாக எழுதிய பிறகுதான், பிரசவ மயக்க முறைகளில் உலகம் எச்சரிக்கை அடைந்தது. முழு மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்த வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அது மற்றவர்களைவிடக் கடினம்.

ஆனாலும் ரத்தப்போக்கு மிக அதிகமாக இருந்தால், ரத்தத்தில் தட்டணுக்கள் மிகக் குறைந்திருந்தால், குழந்தையை உடனே எடுக்க வேண்டிய நெருக்கடி வந்தால், முழு மயக்கமே உயிர் காக்கும். எது பொருத்தம் என்பதை அந்த நேரத்து நிலை பார்த்து மயக்க மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். "என் மாமி பொண்ணுக்கு அப்படிக் குடுத்தாங்க" என்று நாம் வாதாடக் கூடாது.

பேரீச்சம்பழமும் ஒரு டம்ளர் பாலும்

வெறும் வயிறு ஏன் என்பது இப்போது புரிந்திருக்கும். திட்டமிட்ட ஆபரேஷன் என்றால், திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். தெளிந்த தண்ணீரைப் பொதுவாக 2 மணி நேரத்துக்கு முன்பு வரை அனுமதிப்பார்கள். பால் தண்ணீர்க் கணக்கில் வராது, அது உணவுக் கணக்கு.

நம் வீடுகளில் பிரசவ வலி எடுத்த பெண்ணுக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பது வழக்கம். சுகப்பிரசவம் எதிர்பார்க்கும் நிலையில், மருத்துவர் அனுமதித்தால் கொடுக்கலாம். ஆனால் "தியேட்டருக்குக் கொண்டு போகிறோம்" என்று சொன்ன பிறகு ஒரு பழமும் கொடுக்கக் கூடாது. ஜம்ஜம் தண்ணீரோ ஓதிய தண்ணீரோ கொடுக்க விரும்பினால், நர்ஸிடம் கேட்டு அவர் சொல்லும் நேரத்துக்குள், சொல்லும் அளவில் கொடுங்கள். "பிள்ளை பசியோட இருக்கே" என்று நன்னி பாசத்தில் ஒளித்துக் கொடுக்கும் ஒரு டம்ளர் பால், அவள் நுரையீரலுக்குள் போக நேரிடலாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? திட்டுக்குப் பயந்து மறைக்காதீர்கள். எப்போது, என்ன கொடுத்தோம் என்று சொல்லிவிடுங்கள். அதைத் தெரிந்துகொண்டால் அதற்கேற்ற ஏற்பாட்டை அவர்கள் செய்வார்கள்.

மயக்க மருத்துவரிடம் மறைக்கக் கூடாதவை

ஆபரேஷனுக்கு முன் ஒருவர் வந்து கேள்வி கேட்பார். அந்தச் சில நிமிடங்கள் மிக முக்கியமானவை. இவற்றை அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்:

- முன்பு நடந்த ஆபரேஷன்களும், அப்போது மயக்க மருந்தால் ஏதேனும் சிக்கல் வந்ததா என்பதும். ரத்த உறவில் யாருக்காவது அப்படி நேர்ந்திருந்தால் அதுவும்.
- எந்த மாத்திரை, ஊசி ஒத்துக்கொள்ளாது என்பது.
- வீசிங், இதய நோய், வலிப்பு, தைராய்டு, சர்க்கரை, பி.பி.
- ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் ஆஸ்பிரின், வயிற்றில் போடும் ஹெப்பாரின் ஊசி. கடைசியாக எப்போது எடுத்தது என்ற நேரத்தோடு.
- முதுகெலும்பில் ஆபரேஷன் நடந்திருந்தால் அது.
- ஆடும் பல், கட்டிய பல்.
- நாட்டு மருந்து, லேகியம், பஸ்பம்.
- கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, என்ன என்பது.

நகப்பூச்சும் கறுப்பு மருதாணியும் விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவியைச் சில நேரம் குழப்பும். நிறைமாதத்தில் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. தலைத்துணியின் ஊசிகள், வளையல், மோதிரம் ஆகியவற்றை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரலாம்.

பர்தாவும் ஆண் மருத்துவரும்

நம் பெண்களுக்கு இன்னொரு தயக்கம் உண்டு. மயக்க மருத்துவர் ஆணாக இருந்தால் என்ன செய்வது? இந்தத் தயக்கம் புதிதல்ல, மருத்துவ உலகம் இதை அலட்சியம் செய்யவும் இல்லை. ஆண் மருத்துவரிடம் போக முடியாமல் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்ட மேரி ஷார்லீப், 1885-இல் சென்னையில் பர்தா அணியும் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை தொடங்கினார். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் அவர் ஒருவர். அந்த மருத்துவமனைதான் இன்று திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூரிபா காந்தி தாய் சேய் நல மருத்துவமனை. பழைய ஆட்களுக்கு அது இன்னும் 'கோஷா ஆஸ்பத்திரி'தான். அதே காலத்தில் நிஜாமின் ஹைதராபாதில் ரூபா பாய் ஃபர்தூன்ஜி என்ற பெண், நோயாளிகளுக்குக் குளோரோஃபார்ம் மயக்கம் கொடுத்துவந்தார். உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்களில் ஒருவராக அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

எனவே பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் அதை ஏழாவது, எட்டாவது மாதத்திலேயே கேட்டு வையுங்கள். கிடைக்காவிட்டால், பெண் நர்ஸ் பக்கத்தில் இருக்க வேண்டும், தேவையான இடம் தவிர மற்றதைத் துணியால் மூட வேண்டும் என்று கேளுங்கள். ஸ்பைனல் ஊசிக்கு முதுகின் கீழ்ப்பகுதியில் சிறிய இடம் தெரிந்தால் போதும். தியேட்டரில் தலையை மூடும் தொப்பியும் கொடுப்பார்கள். அவசரம் என்றாலோ கேள்வியே இல்லை. நிர்ப்பந்த நிலையில் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. உயிர் காக்கும் நேரத்தில் பெண் மருத்துவருக்காகக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

கையெழுத்து விஷயமும் அப்படியே. நம் பகுதியில் பல வீடுகளில் கணவர் சவூதியிலோ குவைத்திலோ இருப்பார். மருத்துவமனையில் படிவத்தை நீட்டியதும், அவருக்குப் போன் போட்டு, கிடைக்காமல், மாமனாரைக் கேட்டு, அவர் இன்னொருவரைக் கேட்டு என்று நேரம் போகும். 18 வயது நிறைந்த, சுயநினைவோடு இருக்கும் பெண், தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். சட்டப்படி அவள் கையெழுத்து போதும். 'தேவைப்பட்டால் ஆபரேஷன் செய்யலாமா' என்பதைக் கணவரும் மனைவியும் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்.

மாத்திரைகள்: தானாக எடுக்கவும் வேண்டாம், தானாக நிறுத்தவும் வேண்டாம்

1957-இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைட் என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் தூக்கத்துக்கும் நல்லது, மிகப் பாதுகாப்பானது என்றார்கள். 1961 இறுதியில் அதைத் திரும்பப் பெறுவதற்குள், பல நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபாடுகளோடு பிறந்திருந்தன. 'சாதாரண மாத்திரைதானே' என்ற சொல்லை இந்த உலகம் நம்பாமல் போனது அதற்குப் பிறகுதான்.

காய்ச்சல், உடம்பு வலி என்றால் மெடிக்கல் ஷாப்பில் "ரெண்டு வேளைக்கு ஒரு செட் குடுங்க" என்று வாங்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தச் சின்ன உறையில் என்னென்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. கர்ப்பிணிக்கு அப்படி வாங்கவே கூடாது. காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் பொதுவாக ஏற்றது. அதையும் தேவையான அளவில், தேவையான நாள்வரை மட்டுமே எடுக்க வேண்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் 20 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்து, பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். டாக்ஸிசைக்ளின் வகை ஆன்டிபயாடிக்குகள் குழந்தையின் பல்லையும் எலும்பையும் பாதிக்கும். முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் கடுமையான பிறவிக் குறைபாடுகளை உண்டாக்கும்.

உம்ரா போகும்போதோ ரமலானிலோ மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை எடுக்கும் பெண்கள் பலர். எடுப்பதற்கு முன் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மருத்துவர் சொல்லியே எடுக்க வேண்டும். 'தள்ளிப்போனதை வரவழைக்க' என்று கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை இன்னும் ஆபத்தானது. கரு குழாயில் தங்கியிருப்பது ஸ்கேன் இல்லாமல் தெரியாது. அந்த நிலையில் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து உயிரே போகலாம்.

இதன் மறுபக்கமும் அதே அளவு முக்கியம். கர்ப்பம் என்று தெரிந்ததும், "பிள்ளைக்கு ஆகாது" என்று எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. தைராய்டு மாத்திரையை நிறுத்தினால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம். ஆஸ்துமாவுக்கான இன்ஹேலரை நிறுத்தினால், தாய்க்கு மூச்சு முட்டும்போது குழந்தைக்கும் ஆக்ஸிஜன் குறையும். மாற்ற வேண்டிய மருந்துகளும் உண்டு: வலிப்புக்கான வால்ப்ரோயேட், பி.பி.க்கான எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன், இதய வால்வு ஆபரேஷன் செய்தவர்கள் எடுக்கும் வார்ஃபரின். இவற்றை எதற்கு, எப்போது, எப்படி மாற்றுவது என்பதை மருத்துவர் சொல்வார். உதாரணமாக, கர்ப்ப காலத்துக்கு ஏற்ற பி.பி. மாத்திரைகளாக லாபெடலால், நிஃபெடிபின் இருக்கின்றன. இந்த நோய்களுக்கு மருந்து எடுக்கும் பெண், கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே மருத்துவரைப் பார்ப்பதுதான் சிறந்தது.

இரும்புச்சத்து மாத்திரை கறுப்பாகப் போகிறது, வயிற்றைப் பிரட்டுகிறது என்று குப்பையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரத்தசோகையோடு பிரசவ மேசைக்குப் போகும் பெண்ணுக்கு, மற்றவர் தாங்கும் ரத்தப்போக்கே உயிருக்கு ஆபத்தாகிவிடும். இரும்பு மாத்திரையை டீயோடோ பாலோடோ, கால்சியம் மாத்திரையோடோ சேர்த்து எடுத்தால் உடலில் சேராது. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், மற்ற இரண்டும் 4 மணி நேரம் கழித்து. இந்த மூன்றின் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

நோன்புக் காலத்தில் மாத்திரை நேரத்தை நாமாகவே ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றிக்கொள்ளக் கூடாது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. விட்ட நோன்பை எப்படி ஈடு செய்வது என்பதை உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். நோற்கும் உடல்நிலை இருக்கிறதா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் இந்த இரண்டாவது கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

வலி வர ஊசியும் விளக்கெண்ணெயும்

பிரசவ வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின், அளந்து, சொட்டுச் சொட்டாக, குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே ஏற்ற வேண்டிய மருந்து. தேவைக்கு மேல் போனால் கருப்பை இடைவிடாமல் இறுகி, குழந்தைக்கு ஆக்ஸிஜன் தடைபடும். முன்பு சிசேரியன் ஆன பெண்ணுக்குக் கருப்பை கிழியும் ஆபத்தும் இருக்கிறது. ஆபரேஷன் வசதி இல்லாத இடத்திலோ வீட்டிலோ யாரையாவது கூப்பிட்டு 'வலி வர ஊசி' போடுவதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். வலி வர விளக்கெண்ணெய் குடிக்க வைப்பதும் வேண்டாம்.

பிரசவத்துக்குப் பின்

"மயக்க மருந்து போட்டிருக்கு, இன்னைக்குப் பால் குடுக்காதே" என்பது தவறு. ஸ்பைனல் மருந்து தாய்ப்பாலில் சேரும் அளவு மிகக் குறைவு. தாய் தயாரானதும் முதல் ஒரு மணி நேரத்திலேயே சீம்பால் கொடுக்கலாம். கர்ப்ப காலத்தில் கூடாது என்று சொன்ன அதே டைக்ளோஃபெனாக்கை இப்போது மருத்துவர் எழுதுவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், பாலூட்டும்போது அது பொதுவாக ஏற்றதே. ஆனால் கோடீன் கலந்த இருமல் மருந்தும் டிராமடாலும் பால் வழியே குழந்தைக்குப் போய் மூச்சை மந்தமாக்கக்கூடும், தவிர்க்க வேண்டும். பிரசவ லேகியம் கொடுப்பதாக இருந்தால், அதில் பஸ்பம் ஏதும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு, மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். சில பஸ்பங்களில் ஈயம், பாதரசம் இருக்கக்கூடும்.

எங்கே போவது, என்ன எடுத்துப் போவது

திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டரில், முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்குகிறது. கோட்டக்குப்பம், வானூர் பக்கத்தவர்களுக்குப் புதுச்சேரியும் ஜிப்மரும் அருகில். 2011 முதல் நடைமுறையில் இருக்கும் மத்திய அரசுத் திட்டப்படி, அரசு மருத்துவமனையில் சிசேரியன், மருந்து, ரத்தம், பரிசோதனை எல்லாமே கர்ப்பிணிக்கு இலவசம். அவசரத்துக்கு 108.

இதய நோய், ரத்தசோகை, உயர் ரத்த அழுத்தம், முன்பு மயக்க மருந்தில் சிக்கல் போன்றவை உள்ள பெண், மயக்க மருத்துவரும் ரத்த வங்கியும் 24 மணி நேரமும் இருக்கும் இடத்தில்தான் பிரசவிக்க வேண்டும். "ராத்திரியில மயக்க டாக்டர் இருப்பாங்களா, வெளியில இருந்து வரணுமா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஒரு துணிப்பையைத் தயாராக வையுங்கள். அதில் தாய் சேய் நல அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், முந்தைய பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் அவற்றின் அட்டையோடு இருக்கட்டும். ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரை அட்டையின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். வலி எடுத்த நேரத்தில் அவளால் பேச முடியாமல் போகலாம். அந்தப் பை அவளுக்காகப் பேசும்.

நம் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் அல்லாஹ் இலகுவான பிரசவத்தையும் ஆரோக்கியமான பிள்ளைகளையும் தருவானாக. துஆ கேட்கும் நாம், மருத்துவரிடம் எதையும் மறைக்காமல் சொல்லும் பொறுப்பையும் சேர்த்தே நிறைவேற்றுவோம்.